பாதிப் பின்னலோடு பள்ளி வாரியத்தில்

இருபத்திரண்டு வருடமாக நான் கணக்கு டீச்சர். என்னிடம் யாரும் "தலைய ஆட்டாதீங்க" என்று அதட்டியதில்லை. ஜூலையில் ஒரு புதன்கிழமை என் மாணவி கியோனா அதட்டினாள். சீப்பால் உச்சந்தலையில் ஒரு தட்டும் வைத்தாள்.

அமெரிக்காவில், டர்ஹமில் எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கோடைதோறும் இனநீதி வகுப்பு நடக்கும். கறுப்பினப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஆறு வாரம் சேர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடம் எங்கள் பிள்ளைகளை நடத்துகிற லட்சணத்தைப் பேசுவோம். புதன்கிழமை மட்டும் எல்லாம் தலைகீழ். பிள்ளைகள் பாடம் எடுப்பார்கள், நாங்கள் மாணவர்கள். பாத்ரூம் போகக்கூடக் கை தூக்க வேண்டும். அதுகளுக்கு அன்றைக்குத்தான் கிறிஸ்துமஸ்.

கியோனாவின் பாடம், பின்னலில் உள்ள கணக்கு. கரும்பலகை என் தலை.

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரம், மிஸ் வெர்னிட்டா."

ஐம்பது வருடமாகப் பின்னிக்கொள்கிறவள் நான். பின்னுகிறவள் இரண்டு என்றால் ஐந்து என்று அர்த்தம். தெரிந்தும் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அன்று மாலை நான்கு மணிக்குப் பள்ளி வாரியக் கூட்டம். முடியில் பாசிமணி கூடாது என்ற விதியை எடுக்கச் சொல்லி கியோனா மூன்று நிமிடம் பேசப்போகிறாள். மார்ச் மாதம் அந்த விதியால் அவளை வகுப்பை விட்டு வெளியே அனுப்பினார்கள். அன்று நடந்த தேர்வு போயிற்று. அதோடு மேல்கணக்கு வகுப்பில் இடமும் போயிற்று. அனுப்பியது வேறு யாருமில்லை, நான்தான். கோடை வகுப்பு தொடங்கி நான்கு வாரமாக இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மதியத்துக்கு மேல், கூட்டத்தில் பேச எழுதியதைப் பின்னிக்கொண்டே சொல்லிக் காட்டினாள். 'ஒரு டீச்சர்' என்றுதான் இருந்தது.

"என் பேரை ஏன் போடல?"

"போட்டா உங்க வேலை போயிடும். நம்ம ஸ்கூல்ல கறுப்பு டீச்சர் மொத்தமே ரெண்டு பேரு."

"ரூல் அப்படி இருந்துச்சும்மா. நான் என்ன..."

அப்போதுதான் அந்தத் தட்டு விழுந்தது. "தலைய ஆட்டாதீங்க. என்னை அனுப்பின சீட்டுல பாசிமணி சத்தம் தொந்தரவுன்னு எழுதினீங்களே, நெஜமாவே தொந்தரவா இருந்துச்சா?"

கீழே உட்கார்ந்திருந்த என் தலை அவள் முழங்கால்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது. டீச்சர் முறைப்பு முறைக்கக்கூட வழியில்லை.

"இல்ல. பிரின்சிபால் வாசல்ல நின்னாரு. பயந்துட்டேன்."

அவள் கை நின்றது. பிறகு அடுத்த பின்னலை என் கண்ணில் நீர் வர இறுக்கினாள். வாங்கிக்கொண்டேன்.

மூன்றரைக்கு இடது பக்கம் மட்டும் முடிந்திருந்தது. வகுப்பை நடத்தும் தாடியஸ் வேன் சாவியோடு வந்து சிரித்தார்.

"வெர்னிட்டா, இடது பக்கம் கல்யாணத்துக்குக் கிளம்பிடுச்சு, வலது பக்கம் இப்பதான் தூங்கி எழுந்திருக்கு போல!"

"வாய மூடிக்கிட்டு வண்டிய எடுங்க."

வாரியத்தில் கியோனா தடுமாறாமல் பேசினாள்; விதியை எடுக்கச் சொன்னாள், தன் மேல் எழுதிய பதிவையும் மாற்றச் சொன்னாள். தலைவி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒரு தாளைப் பார்த்தார்.

"வகுப்புக்குத் தொந்தரவுன்னு டீச்சர் எழுதியிருக்காங்களே, இந்த நகல்ல பேரு இல்ல. அவங்க வந்து மறுத்தாத்தான் பதிவ மாத்த முடியும். யாரு அந்த டீச்சர்?"

"சொல்ல மாட்டேன் மேடம்."

"அப்ப இந்தப் பதிவு இப்படியேதான் இருக்கும்."

எனக்கு வீட்டுக் கடனை அடைக்க இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. பதினைந்து வயதுப் பெண் என்னைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்தேன். என் தலையைப் பார்த்து யாரோ சிரித்தார்கள்.

"நான்தான். வெர்னிட்டா கேஸ்கின்ஸ், கணக்கு டீச்சர். தொந்தரவு எதுவும் இல்ல. பிரின்சிபாலுக்குப் பயந்து பொய் எழுதினேன்."

தலைவி எதையோ குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உனக்கு இன்னும் இருபது செகண்டு இருக்கும்மா. வேற ஏதாவது?"

கியோனா கையிலிருந்த தாளை மடித்துவிட்டாள்.

"அந்தத் தேர்வ நான் எழுதணும் மேடம். பாஸாயிட்டா மேல்கணக்கு இவங்ககிட்டதான் படிப்பேன். அதனால இவங்கள வேலைய விட்டுத் தூக்கிடாதீங்க."

பின்வரிசையில் எங்கள் பிள்ளைகள் விசிலடித்தார்கள். நான் உட்கார மறந்து, எல்லோர் முன்னாலும் நின்றபடியே அழுதேன்.