துண்டு மூடிய கேன்

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் சத்தியநேசன் அண்ணன் இன்றும் கேனைத் துண்டால் மூடிக்கொண்டுதான் ஜெனரேட்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வார்டுப் பக்கம் நடந்தார். நான் ஆஸ்பத்திரியின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, போனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரமனையில் இந்தக் கோடைக்குத் தினமும் மதியம் கரண்ட் போகிறது. ஆபரேஷன் தியேட்டர் முதல் ஏசி வரை அந்தப் பெரிய ஜெனரேட்டரை நம்பித்தான். ஓடும் நேரம் கூடவில்லை, குடிக்கும் டீசல் மட்டும் கூடிவிட்டது. போன வாரம் மெயின்டனன்ஸ் மேனேஜர் ரதீஷ் சார், அவரிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் என்னைக் கூப்பிட்டார்.

"ஆளு கள்ளனாணு, மாளவிகா. நீ பிசிக்ஸ் படிச்ச குட்டியல்லே, கொஞ்சம் நோக்கிக்கோ. நீ நிக்கறதே ஆருக்கும் தெரியாது, வாயே திறக்க மாட்டியே."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். நான் 'ஆமாம்' என்று சொன்னால் போதும், ஏஜென்சிக்குச் சொல்லி ஆளை மாற்றிவிடுவார்.

சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியபின் எல்லாமே பொருந்தி வந்தது. அவருடைய புதுச் செருப்பு. வேலைக்கு நடுவே முணுமுணுக்கும் சபைப் பாட்டு. நான் எதிரே போனால் கேனை மறுகைக்கு மாற்றுவது.

மற்ற நாட்களில் இதற்குள் எழுந்து போயிருப்பேன். இன்று அவர் திரும்பி வரும்வரை இருந்தேன். வரும்போது கேனின் கனத்தில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. டீசல் திருடுகிறவர் வெளியே போகும்போதுதானே சாய வேண்டும்?

பின்னாலேயே அறைக்குள் போனேன். வெக்கை முகத்தில் அறைந்தது. வெளிக்காற்று உள்ளே வருகிற பெரிய கிராதியில் கோணிச்சாக்குகள் கட்டித் தொங்கின. அவர் கேனைக் கவிழ்த்து அவற்றை நனைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"பிள்ளே, மேல சொல்லிராத! வார்டு பைப்புல பிடிச்ச வெள்ளமாக்கும்."

தண்ணீர் டேங்கர் வராததால் அந்தக் குழாயில் நோயாளிகளைத் தவிர யாரும் பிடிக்கக் கூடாது.

"எதுக்குண்ணா இது?"

அவர் இன்ஜினைக் காட்டினார். "இவனுக்குச் சூடு பொறுக்கல்லல்லா. வீட்டுல ஜன்னல்ல சாக்கு நனச்சுப் போட்டா காத்து எப்பிடி குளுகுளுன்னு வரும்? மார்ச்சுல இருந்து போடுகேன்."

டீசல் கூடத் தொடங்கியதும் மார்ச்சில்தான். சாக்கின் முன் கையை நீட்டினேன். குளிர்ச்சி இருந்தது, காற்று இல்லை. நனைந்த சாக்கு கிராதியோடு ஒட்டி அதன் இடுக்குகளை அடைத்துக்கிடந்தது. வெளிக்காற்று கிடைக்காமல் ரேடியேட்டர் விசிறி அறைக்குள்ளிருந்த வெக்கையையே சுழற்றிக்கொண்டிருந்தது.

"அதுக்கு மூச்சு முட்டறதுண்ணா! அதான் டீசல் ஜாஸ்தி குடிக்கறது."

அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தினேன். இந்த ஆஸ்பத்திரியில் நான் கத்தியது அதுதான் முதல்முறை.

ஒரு சாக்கின் கட்டை அவிழ்த்தேன். காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. வெப்பமானியின் முள் அசையாமல் நின்று, பிறகு மெல்ல இறங்கியது. அவர் முள்ளைப் பார்க்கவில்லை, என் காதருகே குனிந்தார்.

"எனக்க மேல சம்சயப்பட்டு உன்ன விட்டது ரதீஷ் சாரா?"

நான் வெப்பமானியைப் பார்த்தேன்.

"ஒரு வாரமா படியில இருந்தியே. வெக்கப்படுத பிள்ள, தனியா இருக்குன்னுல்லா நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் கள்ளன் இல்லன்னு சொல்லுவியா? சொன்னா, பின்ன டீசல் எங்க போச்சுன்னு கேப்பாரு. ரெண்டுக்கும் என்னத்தான் வேலைய விட்டு அனுப்புவாரு."

அந்த நேரத்திலும் என் மனம் விடவில்லை. அத்தனை டீசலையும் இந்தச் சாக்கே குடித்திருக்குமா? அப்படி நினைத்ததை அவர் என் முகத்தில் பார்த்துவிட்டார் என்று தோன்றியது.

"மாளவிகா! கள்ளன கிட்டியோ?" இன்ஜின் சத்தத்தையும் மீறி, படிக்கட்டின் மேலிருந்து ரதீஷ் சாரின் குரல்.

சாக்கின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனையை அவர் எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. இருவரும் விடாமல் நின்றோம். நடுவில் தொய்ந்த இடத்திலிருந்து தண்ணீர் சொட்டி, சூடான தரையில் விழுந்தவுடன் காய்ந்துகொண்டிருந்தது.