மானம் காத்த கத்தரிக்கோல்

துபாயின் தேரா பகுதியில் முகம்மது சித்தீக் பாய் நடத்திய வீடியோ கடையில் எல்லாப் படத்துக்கும் இரண்டு சென்சார். முதலாவது அரசாங்கம், அதற்கு இளகிய மனசு. இரண்டாவது பாய். "குடும்பத்தோட பாக்குறாங்கல்ல, வைரவா" என்பார், கடையில் வேலை பார்த்த என்னிடம். அவர் வெட்டிய படங்களில் பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்று வாடிக்கையாளர்கள் குழம்பிப் போவார்கள்.

வெள்ளைக்காரர் ஒருவர் காலிசெய்த வீட்டுச் சாமான்களோடு ஒரு புரொஜெக்டரும் பிலிம் சுருளும் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தன. பேசாப்பட காலத்து அமெரிக்கக் குதிரைவீரன் கதை, கால்மணி நேரம் ஓடும். பெயரை இன்டர்நெட்டில் தேடினேன். தொலைந்துபோன படம், உலகத்தில் பிரதியே இல்லை என்றது. எங்களிடம் இருக்கிறது என்று பெருமையாக எழுதிப் போட்டேன்.

அமெரிக்காவிலிருந்து தொண்ணூறை நெருங்கிய ஒரு பெரியவர் பதில் எழுதினார். அதன் கதாநாயகி அவருடைய அம்மாவாம். இவரைப் பெற்ற கையோடு இறந்துவிட்டாள். அவள் நடித்தது இந்த ஒரு படம்தான். அம்மா நடந்து, சிரித்து ஒருமுறையாவது பார்க்க வேண்டும், விமானம் ஏறுகிறேன் என்றார்.

படித்து நான் அழுதேன். பாயும் அழுதார். அழுததோடு நிறுத்தியிருக்கலாம்.

விமான நிலையத்திலிருந்து பெரியவரை நான் கூட்டி வந்தபோது, பாய் கத்தரிக்கோலும் செலோடேப்புமாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் புண்ணியம் செய்த களை. என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"அந்தம்மா சாராயக் கடையில ஆடுது. கண்டவன் மடியில உக்காருது. கடைசியில முத்தம் வேற. பெத்த புள்ள பாக்குற காட்சியாடா அது? எல்லாத்தையும் வெட்டிட்டேன். குப்பையில போட்டா மரியாதை இல்லைன்னு கொளுத்திட்டேன்."

"அப்ப அவங்க எந்தக் காட்சியிலதான் வர்றாங்க, பாய்?"

"எதுலயும் இல்ல" என்றார் நிம்மதியாக. "மானம் தப்பிச்சுச்சு."

எனக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. பெரியவரோ கோட்டும் டையுமாக முன்னால் உட்கார்ந்துவிட்டார். சுவரில் படத்தை ஓட்டினேன். குதிரை வந்தது. குதிரை போனது. இரண்டு பேர் சுட்டுக்கொண்டார்கள். எதற்கென்று சொல்ல ஆள் இல்லை. மறுபடி குதிரை. முடிந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரி நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்: "மன்னியுங்கள், எனக்குக் கண் மங்கல். அம்மா வந்த இடத்தைத் தவறவிட்டுவிட்டேன். இன்னொரு முறை போடுவீர்களா?"

பாயின் முகம் வெளுத்துவிட்டது.

"போடு வைரவா" என்றார். 

பெரியவர் நாற்காலியைச் சுவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.