மேற்பார்வைக்கு ஆங்கிலம்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், தமிழே தெரியாதவர்கள் உட்பட. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதை ஏதோ பதவியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, தனக்கும் அக்கா வேலை கிடைக்குமா என்று மேலாளரிடம் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் இடம் அது. காலை ஷிஃப்டுக்கு அவள் பொறுப்பு.

விரிப்புகளைத் தேய்க்கும் இயந்திரத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு சூடான உருளை உண்டு. விரிப்பின் ஓரத்தை உள்ளே கொடுக்கும் இடத்தில், கை போகாமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு. அதில் கை பட்டாலே உருளை நின்றுவிடும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தத் தடுப்பு ஒரு பக்கம் கழன்று தொங்கியதை யாரும் கவனிக்கவில்லை. மடிப்பு மேசையில் வேலை செய்யும் பெண், சுருங்கிப்போன விரிப்பை நேராக்கப் போய் இரண்டு விரல்களைச் சுட்டுக்கொண்டாள். அக்காதான் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பெண்ணின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியிலும் கூடவே போனாள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். "அந்தத் தடுப்பைச் சரிபார்த்தாயா?"

"எஸ் சார். ஐ ஓவர்லுக்ட் இட். மைசெல்ஃப்."

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். "நீ ஓவர்லுக் பண்ணினாயா?"

"எஸ் சார். எவ்ரி மார்னிங்."

தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து விசாரிக்கும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். களைத்துப் போயிருக்கிறோம் என்று பார்த்து லீவு கொடுக்கிறார் என நினைத்து, அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வந்தபோதுதான் விஷயம் உடைந்தது. நாத்தனாருக்குப் பயணச்சீட்டு பதிவு செய்யும் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க ஃபோனில் ஆங்கிலம்தான். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்னதான் அண்ணி சொன்னீங்க அவர்கிட்ட?" என்று கேட்டாள். அண்ணி ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக் காட்டினாள்.

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ அண்ணி! ஓவர்லுக்னா கவனிக்காம விட்டுட்டேன்னு அர்த்தம்."

"என்னடி உளர்றே? மேலே, பார்வை. மேற்பார்வை. அப்படியேதானே இருக்கு?"

"நமக்கு அப்படியே இருக்கு. அவங்களுக்கு, பார்வை அதுக்கு மேலாகத் தாண்டிப் போயிடுச்சு. கீழே இருந்தது கண்ணுல படல."

"ஓவர் இருக்கு, லுக் இருக்கு. வேற என்ன வேணுமாம்?"

"அதே ஓவரைத் தூக்கிப் பின்னாடி போட்டா, லுக் ஓவர். அப்போ நல்லாப் பார்த்தேன்னு அர்த்தம்."

"முன்னாடி வெச்சா திட்டு, பின்னாடி வெச்சா பாராட்டா? யார்டி இதெல்லாம் உட்கார்ந்து யோசிச்சாங்க?"

வேன் ஓட்டிவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த கணவன் துண்டோடு எட்டிப் பார்த்தான். நாத்தனார் விரல் விட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். லுக் ஃபார் என்றால் தேடுவது. லுக் இன்டு என்றால் விசாரிப்பது. லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்வது.

"பின்னாடி பார்க்கிறது எப்படிப் பார்த்துக்கிறதாகும்?"

"குழந்தை பின்னாடியே ஓடறோமே, அப்படின்னு வெச்சுக்குங்க."

"லுக் டவுன்?" என்று கணவன் கேட்டான்.

"கூட ஒரு ஆன் சேர்த்துக்கோ. இளப்பமா பார்க்கிறது."

"அதுக்கு எனக்கு இங்கிலீஷே வேண்டாம். இந்த வீட்ல தினமும் பார்க்கிறேன்."

அக்கா சிரிக்கவில்லை. இரண்டு நாளாக வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அங்கே எல்லோரும், அவள் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த நினைப்பில் முகம் சுண்டிவிட்டது.

"அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொல்லிடு. அவங்ககிட்ட என்ன சாட்சி இருக்கு?" என்றான் கணவன்.

"சொன்னேனேங்க. ரெண்டு தடவை சொன்னேன்."

"சரி, விடு. நம்ம பேச்சு மட்டும் என்னவாம்? 'உன்னைப் பார்த்துக்கறேன்'னு உன்கிட்ட சொன்னா ஒண்ணு, என் வண்டியை இடிச்சவன்கிட்ட சொன்னா வேற. யாருக்கு, எப்போங்கிறதுலதான் எல்லாமே. அதை அங்கே போய்ச் சொல்லு."

திங்கட்கிழமை மேலாளரின் அறையில் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மாளுக்கு ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அக்கா வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டதை ஆங்கிலத்தில் சொன்னாள். தன் மொழியில் அந்த வார்த்தை இப்படி, இந்த மொழியில் அப்படி. தான் சொல்ல நினைத்தது லுக் ஓவர்.

அதிகாரி அன்பாகத்தான் கேட்டார். "இந்த வித்தியாசம் உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"வெள்ளிக்கிழமை."

"யார் சொன்னார்கள்?"

"என் கணவரின் தங்கை."

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. வேலை போகப்போகிற நேரத்தில் வீட்டுக்குப் போனாளாம். வீட்டில் ஒருத்தி புது அர்த்தம் சொல்லிக் கொடுத்தாளாம். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி, காயம்பட்ட பெண்ணை வரச் சொன்னார்.

மடிப்புக்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் கொஞ்சம்தான். அவளுடைய மொழி பேசுகிறவர்கள் அங்கே வேறு யாரும் இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தடுப்பை இவர் ஓவர்லுக் செய்தாரா?"

"எஸ்!" என்றாள் அவள் உற்சாகமாக. "ஆல்வேஸ்!"

அக்கா கண்களை மூடிக்கொண்டாள்.

"எவ்ரி டே ஓவர்லுக்," என்று அவள் தொடர்ந்தாள். தனக்காக வண்டியில் வந்தவளைக் காப்பாற்றுகிறோம் என்ற வேகம் அந்தக் குரலில் இருந்தது. "அக்கா வெரி குட் ஓவர்லுக். மெஷின் ஓவர்லுக். சோப் ஓவர்லுக். மீ நியூ, மீ நாட் நோ ஃபோல்டிங், அக்கா ஸ்டாண்டிங், ஓவர்லுக், ஓவர்லுக். மை ஃபுட் ஆல்ஸோ ஓவர்லுக். நோ ஈட், அக்கா ஆங்க்ரி."

அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடினார். தும்மலா சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"இந்த வார்த்தையை எங்கே கற்றுக்கொண்டாய்?"

"ஹியர். அக்கா டீச். ஆல் ஷிஃப்ட் ஸ்பீக்."

அதிகாரி எழுந்து, கதவைத் திறந்து, விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரை நிறுத்தினார். ஓவர்லுக் என்றால் என்ன என்று கேட்டார். அவர் வண்டியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, ஒரு விரிப்பை மேலும் கீழுமாக முறைத்துக் காட்டினார். சாட்சாத் அக்காவேதான். மேலாளர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி திரும்ப வந்து உட்கார்ந்தபோது அறையின் இறுக்கம் தளர்ந்திருந்தது. "வார்த்தை விஷயம் முடிந்தது," என்றார். அக்காவுக்கு மூச்சு வந்தது.

"இன்னும் ஒன்றுதான் கேட்க வேண்டும். காலையில் தடுப்பு சரியாக இருந்தது என்று நம்புகிறேன். மத்தியானம் கழன்றிருக்கிறது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு, மறுபடி ஓட்டுவதற்கு முன்னால், பார்த்தீர்களா?"

எஸ் மேடம் என்று சொல்லிவிடலாம். இப்போது எல்லோரும் அவள் பக்கம். மடிப்புக்காரப் பெண், கேள்வி முழுதாகப் புரியாமலே, எஸ் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அந்தக் கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தாள்.

"நோ மேடம்," என்றாள். "ஆஃப்டர் லன்ச், ஐ டிட் நாட் லுக்."

"பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?"

"நோ மேடம். எனக்கே தோன்றியிருக்க வேண்டும்."

அதிகாரி மேலாளர் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?"

மேலாளர் தொண்டையைச் செருமினார்.  இல்லை என்று பதில் வந்தபோது, அதையும் அதிகாரி எழுதிக்கொண்டார். எந்த ஷிஃப்டிலும் இனி இயந்திரம் நின்று திரும்ப ஓடும்போதெல்லாம் தடுப்பைச் சோதிக்க வேண்டும். அக்காவுக்கு ஒரு எச்சரிக்கை, மேலாளருக்கும் ஒன்று. நாளைக் காலை அவள் வேலைக்கு வரலாம்.

வெளியே வந்ததும் நாத்தனாரின் ஃபோன். "என்னாச்சு அண்ணி? லுக் ஓவர் சொன்னீங்களா?"

"சொன்னேன், நம்பல. அப்புறம் இந்தப் பொண்ணு வந்து ஓவர்லுக் ஓவர்லுக்னு போட்டு உடைச்சா, நம்பிட்டாங்க. வேலை இருக்கு."

"அப்பாடா! அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"மத்தியானம் நான் பார்க்கலடி. அதையும் சொல்லிட்டேன்."

 "சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்," என்றாள் நாத்தனார்.

மடிப்புக்காரப் பெண்ணுக்கு அன்று கட்டு மாற்ற வேண்டியிருந்தது. தனியாகப் போய்க்கொள்வதாகச் சைகை காட்டினாள். அக்கா தலையாட்டினாள். பிறகு அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னால் நடந்தாள்.