பன்னிரண்டு எம்.எம்.

அந்த அம்மாள் கூடையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். உள்ளே இருந்த கொத்தமல்லிக் கட்டின் ஈரம் கண்ணாடியில் இறங்கியது. பரந்தாமன் அண்ணனுக்கு இது ஆகாது. கடை முதலாளி அவர்தான். கண்ணாடியில் ஒரு கைரேகை தெரிந்தாலே என்னைத்தான் முறைப்பார். துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். "கைக்குப் போடற வெள்ளிச் செயின் காட்டும்மா, பிரேஸ்லெட்டு. பையனுக்கு. வர ஞாயித்துக்கெழம நிச்சயம்" என்று தலைக்கு மேலே குரல் கேட்டது. நிமிராமலே யாரென்று தெரிந்துவிட்டது. சுலோச்சனா அம்மாள். எங்கள் ஊரில் ஏரிக்குக் கீழே இருக்கிற கழனியில் பாதி அவர்களுடையது. என் நைனா இருபது வருடம் அவர்கள் வரப்பில்தான் மண்வெட்டி பிடித்தார். அம்மா இன்றைக்கும் அங்கேதான் நாற்று நடப் போகிறாள்.

"ஏய், நீ கங்காதரன் பொண்ணு இல்ல? அனிதாதான உம் பேரு?"

"ஆங், அனிதாதாங்கம்மா."

"இங்கியா வேல பாக்கற? நல்லதுடி. நெழல்ல ஒக்காந்துகினு பாக்கற வேல."

காலை ஒன்பதரை முதல் எங்களுக்கு உட்கார நாற்காலி கிடையாது என்பதை அவளிடம் சொல்லவில்லை. பையன் எங்கே என்று கேட்க வேண்டிய இடம் அது, அதையும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரே பையன். ஆதிகேசவன். வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறியவன் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுவதா திரும்பி ஓடுவதா என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றான். பிறகு கழற்றினான். ஓடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டுமே.

கைச்செயின் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் எடையைத்தான் கேட்பார்கள். பார்க்க வேண்டியது அகலத்தை. ஒல்லிக் கையில் அகலமான பட்டைச் செயினை மாட்டினால் கன்றுக்குட்டிக்கு மாட்டுச் சங்கிலி போட்டது போல இருக்கும். தடித்த கையில் குறுகலானதை மாட்டினால் கயிறு கட்டியது போல இருக்கும். மணிக்கட்டின் சுற்றளவு ஆறரை அங்குலம் என்றால் எட்டு எம்.எம். அகலம் சரி. ஏழு அங்குலம் என்றால் பத்து. பன்னிரண்டெல்லாம் உடம்பை ஏற்றி வைத்திருக்கிறவர்களுக்கு. இதையெல்லாம் பரந்தாமன் அண்ணன் சொல்லித்தரவில்லை, நாலு வருடம் கைகளைப் பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டது. கேசவனுக்கு ஆறரை அங்குலம். அளக்கத் தேவையில்லை. எட்டு எம்.எம். தட்டை எடுத்து வைத்தேன்.

"கைய நீட்டுடா" என்றாள். அவன் இடது கையை நீட்டினான். "அதுலதான் வாட்சு கட்டிகினு இருக்கிறியே. அந்தக் கைய குடு, சாமி பேரு இருக்கற கைய." அவன் முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்ற நெடுநேரம் எடுத்துக்கொண்டான். வலது மணிக்கட்டின் உள்பக்கம், நரம்புக்கு மேலே, மூன்று தெலுங்கு எழுத்துகள். பச்சை நிறம் மங்கி லேசாகப் பரவியிருந்தது. அது சாமி பெயர் இல்லை. என் பெயர்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஆடிக் கிருத்திகை அன்றைக்குக் குத்திக்கொண்டது. மலையடிவாரத்தில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு ஆள் பச்சை குத்துகிற மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காவடிக் கூட்டத்தில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வந்த மூன்று வருடத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான். தமிழில் 'அனிதா' என்று எழுதப் போனவனை நிறுத்தி, "தெலுங்குல போடுங்க" என்றான் கேசவன். "வீட்ல யாருக்கும் தெலுங்கு படிக்க வராது. பேசத்தான் வரும். கேட்டா முருகான்னு சொல்லிக்குவேன்." தெலுங்கில் என் பெயருக்குக் கடைசியில் துணைக்கால் கிடையாதாம், அனித என்றுதான் எழுதுவார்களாம். ஒரு கால் குறைந்தால் என்ன, கை அவனுடையதாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு துணிச்சல் என்று அன்றைக்குப் பூரித்துப் போனேன். முட்டாள். அன்றைக்கே ஒளித்துத்தான் எழுதியிருக்கிறான். அது எனக்குப் புரிய ஆறு வருடம் ஆனது.

ஊருக்குத் தெரிந்து அடிதடியாகி யாராவது எங்களைப் பிரித்து வைத்திருந்தால் எனக்கு ஒரு ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். யாருக்கும் தெரியவில்லை, யாரும் பிரிக்கவில்லை. அவன் போன் எடுப்பதைக் குறைத்தான். "கொஞ்ச நாள் போவட்டும்" என்றான். கொஞ்ச நாள் போனது. அவ்வளவுதான். ஆனாலும் அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அம்மா வயலிலிருந்து ஒவ்வொரு முறை சேதி கொண்டுவரும்போதும் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்காரும். மற்றதையெல்லாம் மறந்துவிடலாம், தோலில் இருக்கிறதை எங்கே கொண்டுபோய் வைப்பான்? அதை நம்பி இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்று சொன்னேன். இரண்டாவது ஆள் நல்லவன்.

எட்டு எம்.எம். செயினை அவன் கையில் வைத்துக் காட்டினேன். செயின் எழுத்துகளின் நடுவில் கோடு போல விழுந்தது. மேலேயும் கீழேயும் பெயர் தெரிந்தது. "இது பொருத்தமா கீது" என்றாள் சுலோச்சனா அம்மாள். அவன், "அம்மா, பெருசா பாக்கலாமே" என்றான். கடைக்குள் வந்து அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

"இன்னாத்துக்குடா பெருசு? சாமி பேரு மறைஞ்சி போவும். பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கட்டும், பையன் பக்தியான பையன்னு. நகரி பக்கம்டி பொண்ணு" என்று என் பக்கம் திரும்பினாள். "டீச்சருக்குப் படிச்சிருக்குது. முழுக்கத் தெலுங்குப் படிப்பு. தமிழ் பேசும், எழுத்துதான் தெரியாது."

அவன் ஏன் பெரியதாகக் கேட்கிறான் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஊரையெல்லாம் ஏமாற்றிவிட்டு, படிக்கத் தெரிந்த இடத்தில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறான். சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்ததால் பத்து எம்.எம். தட்டை எடுக்கக் குனிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து சுலோச்சனா அம்மாளின் போன் அடித்தது. சமையல்காரர். கடைக்குள் சரியாகக் கேட்கவில்லை என்று படியில் போய் நின்று பேசினாள்.

"நீ இங்க கீறன்னு தெரியாது" என்றான் அவன்.

"தெரிஞ்சிருந்தா?"

"வேற கடைக்குப் போயிருப்போம்."

பொய் சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "எடுத்துடலாம்னு பாத்தேன். வேலூர்ல லேசர்ல எடுக்கறாங்களாம். ரொம்ப வலிக்குமாம்" என்றான்.

ஆறு வருடமாக நான் நம்பிக்கொண்டிருந்த பெயர் அவன் கையில் ஏன் இன்னும் இருக்கிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. வலிக்குமாம். பத்து எம்.எம். செயினை எடுத்து அவன் கையில் வைத்தேன். எழுத்துகளின் உடம்பு மறைந்துவிட்டது. இரண்டாம் எழுத்தின் மேல்சுழியும் மூன்றாம் எழுத்தின் தலையில் இருக்கிற கீற்றும் மட்டும் செயினுக்கு மேலே இரண்டு எறும்பு போலத் தெரிந்தன. படிக்கிறவளுக்கு அது போதும். ஏதோ இருக்கிறது என்று விலக்கிப் பார்ப்பாள். "பன்னெண்டு குடு, அனிதா" என்றான், மிகவும் மெதுவாக. இத்தனை வருடம் கழித்து என் பெயரை அவன் வாயால் கேட்டேன். அதை மூடித்தரச் சொல்லித்தான் கூப்பிட்டான்.

சுலோச்சனா அம்மாள் திரும்பி வந்து பத்தையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எட்டுதான் சரி. கேளுங்க முதலாளி, சாமி பேர யாராச்சும் மூடுவாங்களா?" பரந்தாமன் அண்ணன் கல்லாவிலிருந்தே, "அனிதா தெலுங்கு நல்லா படிக்கும்மா, ஆந்திரா பார்ட்டிங்க தகட்டுல பேரு பொறிக்கக் கேட்டா இதுதான் எழுதித் தரும்" என்றார். அவருக்கு எப்போதும் கடைப் பெருமைதான். கோயிலுக்குப் போடுகிற வேண்டுதல் தகட்டுக்காகத்தான் தெலுங்கு எழுத்து கற்றேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். எந்த மூன்று எழுத்தை முதலில் கற்றேன் என்று சொல்லவில்லை.

"அப்டியாடி? அப்ப நீயே பாத்து சொல்லு. அங்க அவங்க படிச்சிட்டு எழுத்து தப்புன்னு சிரிச்சிடப் போறாங்க." அவன் கையை இழுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நிறுத்தி நிறுத்தி, "மு... ரு... கா..." என்று படித்தாள். மூன்று எழுத்துக்கு மூன்று எழுத்து. கணக்கு சரியாகத்தான் இருந்தது. "சரிதான?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அனிதா என்று எழுதியிருக்கிறதும்மா, உங்கள் வீட்டுக் கழனியில் நாற்று நடுகிறவளின் மகள் பெயர் என்று. அதுவும் வேண்டாம், எட்டு எம்.எம்.மைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் கூடப் போதும், ஞாயிற்றுக்கிழமை அந்த நகரிப் பெண் படித்துக்கொள்வாள். பிறகு? அவள் எழுந்து போவாள். இவன் எங்கள் தெருவுக்கு வருவானா? வரமாட்டான். அம்மாவுக்கு நடவு வேலை போகும். இவனுக்கு வேறு இடம் பார்ப்பார்கள், இந்தத் தடவை தெலுங்கு தெரியாத இடமாக. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அந்த மூன்று எழுத்தால் எனக்கு ஆகக்கூடியது ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அவன் நெற்றி வியர்த்துப் போய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆங். சாமி பேருதாம்மா" என்றேன்.

"பாத்தியா!" என்று மகனின் மணிக்கட்டைத் தூக்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள் சுலோச்சனா அம்மாள். முதலில் வலது கண், பிறகு இடது கண். என் அம்மா அவர்கள் வீட்டுப் பின்கட்டில் நின்று தூக்கித்தான் தண்ணீர் குடிப்பாள். சொம்பில் உதடு படக்கூடாது. என் பெயர் அந்த அம்மாளின் இமையில் பட்டுக்கொண்டிருந்தது.

அப்போது நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அவனுக்குப் பாவம் பார்த்து இல்லை. அந்தப் பெயர் இனிமேல் வெளியே தெரிய வேண்டாம் என்றிருந்தது, அவ்வளவுதான். "ஆனா அம்மா, சாமி பேரு தெறந்தே இருக்கக்கூடாதும்மா. சாவு வீட்டுக்குப் போவாரு, நாலு எடத்துல புழங்குவாரு. தீட்டு படும். மூடி இருக்கறதுதான் நல்லது."

தீட்டு என்கிற சொல்லை என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்தவர்கள் சொல்லிக் கேட்டுத்தான் பழக்கம். எவ்வளவு சுலபமாக வேலை செய்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. அவள் முகமே மாறிவிட்டது. "அடியாத்தே, எனக்குத் தோணவே இல்ல பாரு. நெசந்தான். கழனி வேலன்னு காலனி ஆளுங்ககூடவே புழங்கறவன்" என்றவள், ஒரு கணம் நிறுத்தி, "உன்னச் சொல்லலடி" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

பன்னிரண்டு எம்.எம். தட்டில் ஒரே ஒரு செயின்தான் இருந்தது. ஆறரை அங்குலக் கைக்குப் பொருந்தாத அகலம். வேறு ஆளாக இருந்தால் விற்கவே மாட்டேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. செயின் தளர்ச்சியாக இருந்தால் கையைத் தொங்கவிடும்போது புறங்கைக்கு இறங்கிவிடும், எழுத்து வெளியே வந்துவிடும். ஒரு விரல் நுழைகிற அளவு இடம் விடுவதுதான் கடை வழக்கம். நான் இடம் விடவில்லை. குறடால் ஒரு கண்ணியைக் கழற்றினேன். மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் கழற்றினேன். கையைத் தொங்கவிடச் சொன்னேன், மடக்கச் சொன்னேன், ஆட்டச் சொன்னேன். செயின் நகரவில்லை. இவ்வளவு சுத்தமாக நான் எந்த வாடிக்கையாளருக்கும் அளவு பார்த்ததில்லை. பரந்தாமன் அண்ணன்கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

கொக்கியை மாட்டப் போகும்போது, "இரு இரு" என்று தடுத்தாள் சுலோச்சனா அம்மாள். செயினை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "மூடறதுக்கு முன்ன நீயும் ஒரு தடவ கும்பிட்டுக்கடி. உனக்கும் வயசாவுதில்ல? நல்ல எடமா அமையட்டும்னு வேண்டிக்கோ."

கேசவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. வெளியே மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் கொத்தமல்லி ஈரம் இன்னும் காயவில்லை. நான் குறடைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் கூப்பினேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த மூன்று எழுத்தும் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன, நரம்பு துடிக்கும்போதெல்லாம் லேசாக ஏறி இறங்கிக்கொண்டு.

"கண்ண மூடிக் கும்பிடுடி" என்றாள்.

மூடினேன். கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவனே மாட்டிக்கொண்டான்.