குடை வைக்கிற குழாய்

மூன்றாவது தடவையும் வண்டி அதே ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில்தான் நின்றது. இசக்கிபாண்டி நல்ல காலை ஊன்றி இறங்கி, சைக்கிளைப் பனையில் சாத்திவிட்டு, ஸ்பேனரால் மோட்டாரை ஓங்கி அடித்தான். பின்னாலேயே ஓடிவந்த அவன் மனைவி முத்துசெல்வி, "அடிச்சா ஓடுமா?" என்றாள். கேட்டிருக்கக் கூடாது. ஸ்பேனர் பறந்துவந்து அவள் தோள்பட்டையில் பட்டு, கரிசல் வெடிப்புக்குள் விழுந்தது. அதையும் அவளே கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

பருத்திக்கு மருந்தடிக்கிற பழைய மிஷினிலிருந்து கழற்றிய மோட்டார் அது. கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சம்சுதீன் அதைக் கேரியர் மேல் உட்காரவைத்து, பின்டயரை ஒரு உருளை அழுத்துகிற மாதிரி பற்றவைத்துக் கொடுத்தார். கயிற்றைச் சுற்றி இழுத்தால் மோட்டார் உருளையைச் சுற்றும், உருளை சக்கரத்தைச் சுற்றும். முதல் வாரம் உருளை வழுக்கியது. பழைய டயரைக் கிழித்து அதன்மேல் சுற்றினார்கள். அடுத்த வாரம் குலுங்கிக் குலுங்கிப் பற்றவைத்த இடம் விட்டுப்போனது. அதற்கடுத்து பிளக்கில் கரி. எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருந்தது, இந்தப் பனைமர வியாதிக்குத்தான் இல்லை.

"எங்கடையில டேங்க் மூடியத் தொறந்து வச்சு, பெட்ரோல ஊத்த ஊத்த ஒரு மணி நேரம் ஓடுது அண்ணாச்சி. ஒங்க ஊரு ரோட்டுலதான் நிக்குது. நான் ரோட்டையா பிரிச்சுப் பாக்க?" என்றார் சம்சுதீன்.

போன ஆனியில் இசக்கிபாண்டியின் ஆடுகள் பெரியப்பா மகன் வன்னியபெருமாளின் உளுந்தில் வாய்வைத்தன. வந்தவன் ஆட்டைப் பிடித்துக் கட்டவில்லை, ஆட்டுக்காரனின் இடது முழங்காலில் அரிவாளை இறக்கினான். மூட்டு மடங்காமல் போனது. பெடல் மிதிக்க முடியாது, ஆட்டின் பின்னால் ஓட முடியாது. வெட்டினவன் மூன்று மாதத்தில் ஜாமீனில் வந்துவிட்டான். தினமும் காலை பத்து மணிக்குக் கோவில்பட்டி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு ஒத்தையாளாக ஓடைப் பாலத்தைத் தாண்டிப் போவான்.

வெட்ட ஒரு நிமிஷம் போதும். தப்பிக்கத்தான் கால் வேண்டும். அந்தக் காலைத்தான் இசக்கிபாண்டி செய்துகொண்டிருக்கிறான் என்பது முத்துசெல்விக்கு வண்டி வீட்டுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது. சைக்கிள் பாரோடு சேர்த்து இரண்டடி நீளத்துக்கு ஒரு குழாய் பற்றவைத்திருந்தது. என்னத்துக்கு என்று கேட்டதற்குக் குடை வைக்க என்றான். அந்த வீட்டில் குடை கிடையாது. எட்டு மாதமாக அந்தச் சீமையில் மழையும் கிடையாது.

மூன்றாவது தடவை நின்ற அன்று பனைமரத்தடியில் அவன் டேங்க் மூடியைத் திருகிப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தபோது, 'ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மூடியை மறுபடி இறுக்கிக் கயிற்றை இழுத்தான். வண்டி ஓடியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு மட்டும் அந்தச் சத்தம் காதிலேயே நின்றது.

மறுநாள் சேவு போடுகிற கடையில், அவள் வேலைக்குப் போகிற இடத்தில், எண்ணெய் டின்னை உடைத்தபோது விஷயம் பிடிபட்டது. ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கி நின்றுபோகும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டு உள்ளே காற்று போனால்தான் ஒழுங்காக இறங்கும். பெட்ரோல் டேங்க் என்று அவன் வைத்திருந்ததும் இறுக்கித் திருகுகிற மருந்து டின்தானே. மூடியில் ஆணியால் ஒரு தட்டு தட்டினால் வண்டி தூரத்துக் குளத்தூர் வரைக்கும் நிற்காமல் போகும். வன்னியபெருமாளை வெட்டிவிட்டுப் போகும். ஆனாலும் அவள் ஒரு ஆணியை எடுத்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.

நாலு நாள் பொறுத்து, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கொழாய அறுத்து எறிஞ்சிருங்க. வண்டி தன்னால ஓடும்."

அவன் தட்டோடு எழுந்தான். மோட்டார் இழுக்கிற கயிற்றாலேயே அடித்தான், முதுகிலும் கழுத்திலும், கை ஓயும்வரை. "ஒனக்கென்னட்டி தெரியும். முழங்கால் எனக்குல்லா போச்சு," என்றவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான். அப்போது அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. ஜெயிலில் கிடக்கிற புருஷனைவிட அடிக்கிற புருஷனே மேல் என்று நினைத்து விழுங்கிவிட்டாள்.

ஊருக்கே கேட்கிற சத்தத்தோடு ஒருவன் தினமும் பாலத்துப் பாதையில் வண்டி பழகினால், பாலத்தைத் தாண்டுகிறவனுக்குப் புரியாமலா இருக்கும்? புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வன்னியபெருமாளும் அவன் மச்சினனும் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார்கள். கையெழுத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

டேங்கில் கழுத்துவரை பெட்ரோல் ஊற்றி மூடியை இறுக்கி, மோட்டாரைக் கிளப்பிவிட்டு, இசக்கிபாண்டி அப்போதுதான் வண்டியில் ஏறியிருந்தான். மச்சினன் வீசிய முதல் வெட்டு தோளில் பட்டது. சட்டை பிளந்து ரத்தம் கேரியரில் கொட்டியது. குழாயிலிருந்த அரிவாளை உருவ அவனுக்கு நேரமில்லை. வண்டியை அப்படியே பாதையில் விரட்டினான். குறுக்கே விழுந்த முத்துசெல்வியை வன்னியபெருமாள் வயிற்றில் மிதித்துத் தள்ளினான். வெட்ட வந்த இருவரும் தங்கள் சைக்கிள்களில் ஏறித் துரத்தினார்கள்.

வண்டி வேகமாகத்தான் போனது. சைக்கிள்கள் பின்தங்கின. அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கைகூட வந்தது. அப்புறம் பனைமரத்துப் பக்கம் மோட்டார் விக்கியது, இன்னொரு தடவை விக்கியது, நின்றது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "மூடியத் தொறங்க," என்று கத்தினாள். "மூடியத் தொறந்துட்டுக் கயிற இழுங்க. உள்ள காத்துப் போகணும். காத்து இல்லாமத்தான் நிக்குது."

அவன் மூடியைத் திருகினான். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்க முடியாது, ஆனாலும் அந்த 'ஸ்' சத்தம் அவளுக்குக் கேட்டது. ரத்தம் வழிகிற கையால் கயிற்றை ஒரு சுற்று சுற்றினான், இரண்டாவது சுற்று சுற்றினான். அங்கே கை நின்றது.

இனி அவசரமில்லை என்று சைக்கிள்களைப் பாதையோரப் புஞ்சைக் காட்டில் சாய்த்துவிட்டு, இரண்டு பேரும் நடந்தே அவனை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கிபாண்டி அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், ஆணி முடிந்த முந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற அவளையே பார்த்தான். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்கிற பார்வை. கயிறு அவன் கையில் இருந்தது. இழுக்கவில்லை.