இடது காலுக்குத் தண்ணீர்

தெருவைக் கடக்கும்போது அத்தை தன் முந்தானையால் ரேவதியின் கண்களை மூடிப் பிடித்திருந்தாள். பச்சைப் புடவை. காலை வெயில் அதன் வழியாக வடிந்து, எல்லாம் குளத்துக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. ஆட்கள் பச்சை நிழல்களாக எதிரே வந்து விலகினார்கள். காலில் செருப்பில்லை. முதலில் வாசல் சிமென்ட், பிறகு மண், பிறகு தார், மறுபடி மண் என்று உள்ளங்கால்தான் வழி சொல்லிக்கொண்டு வந்தது.

"திரும்பாத. வயித்துல வச்சிருக்கிறவ சாவப் பாக்கக் கூடாது."

"நான்தான அத்தே முதல்ல பாத்தேன்."

"அது வேற. அப்ப உனக்குத் தெரியாது."

எதிர்வீட்டு மாடியறையில் அவளை உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, "கவிநிலா, இவள எறங்க உடாத" என்று சொல்லிவிட்டு அத்தை போனாள். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. கடைசிப் படியைத் தாண்டிய பிறகுதான் "என் கிஷ்ணா" என்று தம்பிக்காகக் குரல் எடுத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

நடந்தது காலை ஆறே முக்காலுக்கு. ரேவதியின் அப்பா ராமகிருஷ்ணன் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். அடி அண்ணாமலையில் அவரை யாரும் அதற்காகத் தேடி வருவதில்லை. அவர் காலால் பிறந்தவர். இடது கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர் கால் வைத்தால் முதுகுப் பிடிப்பும் சுளுக்கும் விட்டுப்போகும் என்று நம்பி, கீழ்பென்னாத்தூரிலிருந்துகூட முதல் பஸ்ஸில் ஆட்கள் வருவார்கள். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். நீல பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் எடுத்து இடது காலை மட்டும் கழுவுவார். பாயில் குப்புறப் படுத்திருப்பவரைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிச்சுக்குங்க" என்பார், ஒரு மனுஷரைக் காலால் தொடுகிறோமே என்று. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்று முறை முதுகில் கால் வைத்து எடுப்பார். வெற்றிலை பாக்குகூட வாங்க மாட்டார்.

இன்று வந்தவள் இருசாயி. வேர்க்கடலை பிடுங்கப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டவள். ரேவதி டீயோடு வாசலுக்கு வந்தபோது அப்பாவின் முகவாய் நெஞ்சில் படிந்திருந்தது. கால் இருசாயியின் முதுகில் இருந்தது. அசைந்தால் பலன் போய்விடும் என்று அவள் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"ரெண்டு வாட்டி எடுத்துட்டாரு. மூணாவது வாட்டி எடுக்கவே மாட்டேங்கிறாரே. ரொம்பப் பிடிச்சிருக்குதுன்னு அழுத்துறாரா, தங்கச்சி?" என்று பாயைப் பார்த்தபடியே கேட்டாள்.

டம்ளர் சூடாக இருந்தது. ரேவதி முதலில் அதை ஓரமாக வைத்தாள். பிறகு அப்பாவின் காலை இரண்டு கையாலும் தூக்கிச் சிமென்ட்டில் வைத்தாள். ஈரம் இன்னும் காயவில்லை.

கவிநிலா இட்லி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்பது மணிக்கு மேளம் வந்தது. சாத்திய ஜன்னலில் வடிகட்டி வந்ததால் அது சாவு மேளம் மாதிரி இல்லை. தூரத்தில் யாரோ தண்ணீரை அடிப்பதுபோல் இருந்தது. உள்ளே இருப்பதற்கும் இப்படித்தான் கேட்குமோ என்று ரேவதி நினைத்தாள். விலாவுக்குக் கீழே, வலது பக்கம், குழந்தையின் தலை உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது. அடிவயிற்றில் கால்கள் எதையோ மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தன. தூக்கம் வருவதுபோலவும் வராததுபோலவும் இருந்தது.

முந்தாநாள், திங்கட்கிழமை, டாக்டரம்மா அவள் வயிற்றில் கை வைத்துக் காட்டினார். கூட அப்பாதான் போயிருந்தார்.

"குழந்தை இன்னும் தலை கீழ வரல. உக்காந்த மாதிரி இருக்கு. முப்பத்தேழு வாரம் ஆகுது. வியாழக்கிழமை வெளியிலேர்ந்து கைய வச்சு மெதுவாத் திருப்பிப் பாக்கலாம். கர்ப்பப்பை இளக ஊசி போட்டு, குழந்தையோட துடிப்பப் பாத்துக்கிட்டே செய்வோம். தியேட்டரும் ரெடியா இருக்கும். முதல் பிரசவத்துல பத்துப் பேருக்குச் செஞ்சா நாலு பேருக்குத் திரும்பும். திரும்பலன்னா முப்பத்தொன்பதாவது வாரம் ஆபரேஷன்."

"பொண்ணுக்கு?" என்றார் அப்பா.

"பெரிசா ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் வலிக்கும். ஏதாவதுன்னா உடனே ஆபரேஷன் பண்ணிடுவோம். இப்படியே நார்மலுக்கு விடறதும் ஒரு வழிதான். அதுக்குக் கை பழகினவங்க வேணும். கால் வந்துட்டு தலை நின்னுடுச்சுன்னா நிமிஷக் கணக்கு. நான் இங்க அதுக்குத் துணிய மாட்டேன்."

"பொண்ணுக்குங்க?" என்று மறுபடியும் கேட்டார். வாசல் வரை வந்தவர், செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போய் மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு வந்தார்.

ஷேர் ஆட்டோவில் மலை கூடவே வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் வேறொரு மலையாக இருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே, "வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க. நானும் சாப்பிடாம வரேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் தினசரிக் காலண்டரில் வியாழக்கிழமைத் தாளைத் தூக்கிப் பிடித்து, "ரேவதி, 10 மணி" என்று எழுதினார்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "கடவுளு குடுக்கிறதப் போயி எவளாவது திருப்பி வைப்பாளா? இவனுக்கப்புறம் காலால ஒருத்தர் வேணுமில்ல?" என்றாள். ஊருக்கும் அதுவே பேச்சாகிவிட்டது. டீக்கடை புகழேந்தி, "ஆபரேஷன்ல எடுத்தாலும் காலப் புடிச்சுதான எடுப்பாங்க, அப்ப கணக்குல சேரும்" என்றாராம். "கதவு வழியா வரணும்யா. கூரையப் பிரிச்சு எறக்கினா எப்பிடிச் சேரும்?" என்று இன்னொருத்தர் கேட்டாராம். அப்பா அதைச் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார். அத்தை மட்டும் விடவில்லை. மறுபடி மறுபடி வரம், வரம் என்றாள்.

"எங்கம்மா மூஞ்சி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றார் அப்பா.

அவர் வெளியே போய், யாரும் வராதபோதும் காலைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கவிநிலா மறுபடி மேலே வந்தாள். "முதுகுவலின்னு வந்த அந்தம்மா இன்னும் போகலடி. எங்க வீட்டுச் செவத்தோரமாவே உக்காந்துனு இருக்குது. உங்க பங்காளி வீட்டு மாறன் போயி, ஏம்மா, வலி போச்சான்னு கேட்டான். போச்சுன்னு சொன்னா பாவமா, போவலன்னு சொன்னா பாவமான்னு அது அவனையே கேக்குது."

ரேவதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வயிறு கல்லாக இறுகி, பிறகு இளகியது. கவிநிலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் ரேவதி அழுதாள். அதிகம் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அத்தை வந்து வாசலிலேயே நின்றாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் போவ வேணாம். வீட்டுல தீட்டு. காலையில பால் தெளிக்கிற வேலை கெடக்குது. உன்ன யாரு இட்டுனு போவாங்க?"

"நாளைக்கு விட்டா அடுத்த வாரம்தான் அத்தே டாக்டரம்மா வருவாங்க. அதுக்குள்ள குழந்தை பெரிசாயிடும். உள்ள எடம் கம்மியாயிடும்."

"கம்மியானா ஆவட்டும். அவன் போன எடத்துக்கு அவனே வரானோ என்னமோ. அவன மாதிரியே வரட்டும்."

அத்தை பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனாள்.

ஓசூரிலிருந்து விமல்ராஜ் வந்தபோது ஒரு மணி. மனைவி மாசமாக இருக்கும்போது முடி எடுக்கக் கூடாது என்பதால் அவனுக்கு ஐந்து மாதத் தாடி. அதே காரணத்துக்காகக் கீழே அவனைப் பாடை பக்கம் விடவில்லை.

"தோள் குடுக்கக் கூடாதாம். கொள்ளிக்கும் மாறன்தானாம். தண்ணிக் குடமாவது எடுக்கிறேன்னேன், அதுவும் வேணாம், நீ போயி பொண்டாட்டியோட இருன்னுட்டாங்க" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "உங்கத்த உங்கம்மா பக்கத்துல எப்படிச் செத்துப்போன மாதிரி உக்காந்திருக்காங்க தெரியுமா. உங்கம்மாவாவது அழறாங்க."

"நாளைக்கு என்ன பண்றது?"

அவன் தாடியைத் தடவினான். "நீ சொல்லு. எனக்கு ஒண்ணுமே ஓடல. இந்த நேரத்துல வேணாமேன்னும் தோணுது."

"அப்பா சாப்பிடாம வரேன்னாரு" என்றாள் ரேவதி.

மூன்று மணிக்கு மேளம் எழுந்தது. சங்கு ஊதினார்கள். ரேவதி எழுந்துபோய் ஜன்னல் கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். விமல்ராஜ் தடுக்க எழுந்தவன், என்ன நினைத்தானோ, அவளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். பாடை வீட்டை விட்டு வெளியே வந்தது. கால் முன்னால், தலை பின்னால். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். முகம் பூவுக்குள் இருந்தது. வெயிலில் தார் ரோடு நீர்போல் மின்னியது. பாடை அதன்மேல் படகு மாதிரி அசைந்து அசைந்து போனது. கிரிவலப் பாதை முச்சந்தியில் வேப்பமரத்தடியில் இறக்கினார்கள். பாதி வழியில் அப்படி இறக்குவது முறை. நாலைந்து கைகள் சேர்ந்து அதை மெதுவாகச் சுற்றின. பின்னால் இருந்த தலை முன்னால் வந்தது. பிறகு தூக்கினார்கள்.

"திருப்பிட்டாங்க" என்றாள் ரேவதி.

விமல்ராஜின் கை அவள் விலாவுக்குக் கீழே, அந்த உருண்டையின் மேல் வந்து உட்கார்ந்தது. உருண்டை இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

நாலரைக்கு அத்தை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். விமல்ராஜைக் கீழே போகச் சொன்னாள். கொஞ்ச நேரம் கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எழுபத்து நாலு வயதில் முதல்முறையாக அவள் சின்னவளாகத் தெரிந்தாள்.

"எனக்கு அப்ப எட்டு வயசு. கதவுக்கு வெளிய உக்கார வச்சிட்டாங்க. ரெண்டு நாளு. இவன் காலு வந்துடுச்சி, தல வர்லன்னு உள்ள பேசிக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் இவன் அழற சத்தம் கேட்டுச்சி. அம்மா சத்தம் கேக்கல."

கீழே யாரோ வாசலுக்குத் தண்ணீர் வாரி ஊற்றிப் பெருக்கினார்கள்.

"ஆத்தாள முழுங்கினவன்னுதான் ஊர்ல கூப்புட்டாங்க. அஞ்சு வயசுப் புள்ளய. ஒருத்தனும் வெளையாட சேத்துக்க மாட்டான். காலால பொறந்தவங்க கால வச்சா முதுகு வலி போவும்னு எங்கியோ கேட்டுனு வந்தேன். ஒரு நாளு நடுத்தெருவுல படுத்துக்கினு ஐயோ முதுகு, ஐயோ முதுகுன்னு கத்தினேன். எல்லாரும் வந்துட்டாங்க. கிஷ்ணா, கால வைடான்னேன். வச்சான். போயிடுச்சி, போயிடுச்சின்னு எகிறிக் குதிச்சேன்."

அத்தை முந்தானையால் கழுத்து ஈரத்தைத் துடைத்தாள்.

"எனக்கு முதுகே புடிக்கல, ரேவதி."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் சொன்னதில்ல."

"வந்தவங்களுக்கெல்லாம் போச்சே அத்தே."

"போச்சி. அது எனக்கும் புரியல." ஜன்னலைப் பார்த்தாள். கதவு விரலளவு திறந்தே இருந்தது. அவள் அதைச் சாத்தவில்லை. "நாளைக்கு எத்தினி மணிக்கு?"

"பத்து."

"பாலுக்கு அவங்கல்லாம் போவட்டும். நான் வரேன் உன்கூட."

"திரும்பலன்னா?"

"திரும்பலன்னா டாக்டரம்மா சொன்ன தேதிக்கு ஆபரேஷன் பண்ணிக்க. எழுந்திரு. வெளக்கு ஏத்திட்டாங்க, வா."

இம்முறை கண்ணை யாரும் மூடவில்லை. சுவரோரத்தில் இருசாயி இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பஸ் டிக்கெட் ஒன்று கிடந்தது. தெரு நனைந்து கிடந்தது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிப் போக, அதன் நிழல் வீடுகளின் மேல் மெதுவாக வந்துகொண்டிருந்தது. மண், தார், மண், சிமென்ட். ரேவதி ஒவ்வொன்றாகப் பார்த்து மிதித்து வந்தாள்.

வாசலில் நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள். பாயையும் காணோம். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் நீல மக் மட்டும் இருந்தது.

"காலக் கழுவிக்கினு உள்ள போ" என்று அத்தை குனிந்து மக்கில் தண்ணீர் மொண்டாள். ரேவதி சுவரைப் பிடித்துக்கொண்டு புடவையைத் தூக்கி நின்றாள். வயிறு மறைத்ததால் அவளுக்குத் தன் பாதம் தெரியவில்லை. தண்ணீர் விழுவது மட்டும் தெரிந்தது.

அத்தை இடது காலுக்கு ஊற்றினாள். குதிகால், விரலிடுக்கு என்று தடவித் தடவிக் கழுவினாள். முழு மக்கும் தீர்ந்தது. வலது காலில் தெருமண் அப்படியே இருக்க, காலி மக்கைக் கையில் பிடித்தபடி, எழுந்திருக்காமல், அங்கேயே குந்தியிருந்தாள்.