தாய்வழிச் சாபம்

ஒன்பது வருஷமாகக் குழந்தையில்லாத தங்கையைச் சிறுவாச்சூர் ஜெபக் கொட்டகைக்கு முதலில் அழைத்துப் போனவள் அமலோற்பவமேரிதான். அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை.

ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு அமைப்பாளர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வேதபாடம் எடுப்பாள். தங்கை சகாய பிரியாவைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை செல்வநாதன் எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தான், அதிர்ந்து பேசாதவன்.

கொட்டகையை நடத்திய பிரதர் செபஸ்டினும் அதிர்ந்து பேசாதவர்தான். மைக்கில் கத்துகிற ஊழியக்காரர்களைக் கண்டால் அமலோற்பவமேரிக்கு ஆகாது. இவர் மெதுவாகப் பேசினார், ஒரு தடவை கேட்ட பெயரை மறக்காமல் அடுத்த தடவை சொல்லிக் கூப்பிட்டார். வெளி ஜெபக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் அங்கே என்ன போதிக்கிறார்கள் என்று பார்த்துப் போங்கள் எனப் பங்குச் சாமியார் ஒரு முறை எச்சரித்தபோது, அது தனக்குச் சொன்னதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேதம் தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்பது அவள் எண்ணம்.

மூன்றாவது தடவை போனபோது குடும்பத்தார் பெயர்களை நான்கு தலைமுறைக்கு எழுதித் தரச் சொன்னார் பிரதர். தாளை வாங்கி ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே வந்தவர், உண்ணாமலை என்ற பெயரில் நின்றார். அவர்களுடைய அம்மா. கீழப்பழுவூர் இந்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதில் ஞானஸ்நானம் வாங்கி அப்பாவைக் கட்டிக்கொண்டவள். லூர்துமேரி என்று பெயர் வைத்தும், ஊர் அவளைக் கடைசி வரை உண்ணாமலை என்றே கூப்பிட்டது.

“தண்ணி தலையில பட்டுருக்கு. ரத்தத்துல இருக்கறது போகலம்மா” என்றார் பிரதர். தாய்வழிச் சாபம் கர்ப்பத்தைக் கட்டி வைத்திருக்கிறது, குழந்தை பிறக்கும் வரை பிரியா தாய்வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, அம்மா கையால் எதையும் வாங்கவும் கூடாது என்றார்.

அமலோற்பவமேரிக்குச் சுருக்கென்றது. பிறவியிலேயே பார்வையில்லாதவனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றவர்களுடையதா என்று சீடர்கள் கேட்க, இரண்டுமில்லை என்று இயேசு சொன்ன பகுதியைப் போன மாதம்தான் பிள்ளைகளுக்கு நடத்தியிருந்தாள். சொல்ல வாயெடுத்தவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பிரியாவின் முகம் தெளிந்திருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. அதைப் பிடுங்க அக்காவுக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நாள்தானே என்று வாயை மூடிக்கொண்டாள்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள்தான். பட்டும் படாமல் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த உண்ணாமலை கையை நிறுத்தாமல், எத்தனை மாசத்துக்கு என்று மட்டும் கேட்டாள்.

அதிலிருந்து நான்காம் மாதம் பிரியா உண்டானாள். கொட்டகையில் எழுந்து, பிரதரின் ஜெபத்தால் கிடைத்த வரம் என்று சாட்சி சொன்னாள். செய்தி கேட்ட உண்ணாமலை கோயிலை ஒட்டிய மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மகளுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் பிரியாவே ஒருநாள் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். கீரைக் குழம்பு சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பயந்து உடனே வைத்துவிட்டாள். பத்து நாளில் குழந்தை கலைந்தது.

கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறது, அடுத்த தடவை முன்கூட்டியே தையல் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அன்று சாயங்காலம் வார்டுக்கு வந்த பிரதர், கட்டளையை மீறி யாரிடமாவது பேசினாயா என்று கேட்டார். பிரியா அந்தப் போனைச் சொன்னாள். அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அமலோற்பவமேரி போனபோது, ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு அம்மா நின்றிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்து அரியலூரில் மாறியிருக்கிறாள்.

“உள்ள வாம்மா.”

“நான் வரல. நீ கடையில வாங்குன மாதிரி குடுத்துடு. என் பேரச் சொல்லாத.”

“அவர் சொன்னது தப்பும்மா. அப்புடி ஒரு சாபமும் கெடையாது. அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தேன்.”

உண்ணாமலை மகளின் முகத்தையே பார்த்தாள்.

“என்னையத் தேத்தறதுக்குச் சொல்ற” என்றாள். “தெரிஞ்சிருந்தா நீ அன்னைக்கே சொல்லியிருப்ப. நீ வேதம் நடத்துறவ.”

அமலோற்பவமேரி தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கொட்டகையில் எழுந்து நின்று, பார்வையில்லாதவனைப் பற்றிய அந்தப் பகுதியை வாசித்தாள். பெற்ற தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கிற போதனை இயேசுவினுடையதில்லை என்றாள். பிரதர் அவளைத் தடுக்கவில்லை. முடித்ததும், சகோதரியின் நாவில் பேசுவது எந்த ஆவி என்று பகுத்தறிய எல்லோரும் ஜெபிப்போம் என்றார். நூறு பேர் கண்ணை மூடினார்கள். முன்வரிசையில் பிரியாவும் மூடினாள். அன்றிலிருந்து அக்காவின் போனையும் அவள் எடுப்பதில்லை.

ஐப்பசியில் உண்ணாமலைக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியது. சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தடவி நோயில்பூசுதல் கொடுத்தார். கடவுள் உங்கள்மேல் எந்தச் சாபமும் வைக்கவில்லை அம்மா என்று காதருகே குனிந்து சொன்னார். சரிங்க சாமி என்றாள் உண்ணாமலை. பெரியவர்கள் எதைச் சொன்னாலும் அவள் அப்படித்தான் சொல்வாள். நம்பினாளா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு செல்வநாதன் பிரியாவைக் கூட்டி வந்தான். அவள் கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டவில்லை. உள்ளே சாமியார் ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்துக்கொண்டிருந்தபோது அமலோற்பவமேரி கூட்டத்தை விட்டு வெளியே வந்து தங்கையின் பக்கத்தில் நின்றாள். வா என்று கூப்பிடவில்லை. பிரியாதான் முதலில் பேசினாள்.

“அம்மா கடைசியா என்னையக் கேட்டுச்சாக்கா?”

கேட்டது என்று சொல்வது சுலபம். ஒரு தடவை சும்மா இருந்ததற்கே இத்தனையும் நடந்துவிட்டது.

“கேக்கல. தன் வாயால சொன்னா உனக்கு ஆகாதுன்னு, உன் பேரையே எடுக்காமப் போச்சு.”

பிரியா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். உள்ளே மண் விழும் சத்தம் கேட்டது. செல்வநாதன் தூக்க வந்தான். அமலோற்பவமேரி வேண்டாமென்று கைகாட்டினாள். சனங்கள் ஒவ்வொருவராக அவர்களைச் சுற்றி விலகிப் போனார்கள். எல்லோரும் போனபின் பிரியா எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். மாலை வாடாத, பெயர் எழுதாத புது மண்மேடுகள் மூன்று இருந்தன. எது அம்மாவுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.